ஜானகி போன ஊர்களும் ஒரு நீலத்தும்பியும்

பெங்களூரில் தும்பி பார்க்கிறவர்கள் மொத்தம் நூற்றிருபது பேர் இருப்போம். ஏரிக்கரையில் காமிராவும் தொப்பியுமாக நின்றுகொண்டு, வாக்கிங் போகிறவர்கள் 'என்ன சார், பறவையா?' என்று கேட்டால் முகம் சுளிக்கிற கூட்டம். எடுத்த படத்தை எங்கள் குழுவின் வலைத்தளத்தில் ஏற்றுவோம். படம், நாள், இடம் மூன்றும் சரியாக இருந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். எந்தத் தும்பி எந்தெந்த ஊரில் இருக்கிறது என்பதை அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் சொல்கிறோம். புள்ளி விழலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற நான்கு பேரில் நானும் ஒருவன். பெயர் ஸ்ரீகண்டன், வீடு ரிச்சர்ட்ஸ் டவுன். ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். நசுங்கிய கார், எரிந்த குடோன், நனைந்த மூட்டை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் சொல்வது பொய் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. ஜானகியைப் பற்றிச் சொல்ல வந்தவன் என்னைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம், நடந்ததில் பாதி என்னால் நடந்தது.

எங்கள் ஆட்கள் எப்போதும் செய்கிற ஒரு தவறு உண்டு. சனி ஞாயிறில் குடகுக்கோ வயநாட்டுக்கோ போய் நூறு படம் எடுப்பார்கள். அங்கே சிக்னல் இருக்காது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே படத்தை ஏற்றுவார்கள். போன் அப்போது இருக்கிற இடத்தைத் தானாகவே எழுதிவிடும். காட்டுத் தும்பி ஒன்று அபார்ட்மெண்ட் ஆறாவது மாடியில் பறந்ததாகப் புள்ளி விழுந்து நிற்கும். மாதத்துக்குப் பத்தாவது இப்படி வரும். அதற்கென்றே நான் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தேன். 'இது பயணத்தில் எடுத்த படம் போலிருக்கிறது. வீடு திரும்பி ஏற்றியதால் இடம் வீட்டைக் காட்டுகிறது. போய்வந்த ஊரைக் குறிப்பிட்டுத் திருத்தவும்.' யாராக இருந்தாலும் இதையே ஒட்டிவிடுவேன். அவர்களும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவார்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் 'ஜானகி மு.' என்ற பெயரில் ஒரு படம் வந்தது. இடம் லிங்கராஜபுரம். படத்தில் இருந்தது நீலச்சிறகுத் தும்பி. லத்தீனில் ரையோதெமிஸ் ட்ரையாங்குலாரிஸ் என்பார்கள். சுண்டுவிரலில் பாதி இருக்கும். உடம்பு கறுப்பு. நான்கு இறக்கைகளும் அடியிலிருந்து பாதிவரை கருநீலமாக இருக்கும், வெயில் பட்டால் மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும். மீதிப் பாதி வெறும் கண்ணாடி. பெண்ணுக்கு அந்த நீலம் கொஞ்சம் குறைவு. மற்றத் தும்பிகளைப் போல விர்ரென்று போகாது, பட்டாம்பூச்சி மாதிரி அசைந்து அசைந்து பறந்துவிட்டு, கிளம்பிய அதே கோரை நுனிக்கு வந்து உட்காரும். நல்ல மழை பெய்கிற ஊரில், செடி மண்டிய குளத்திலும் சதுப்பிலும் வாழ்வது. கேரளத்தில் பார்க்கலாம், குடகுப் பக்கம் பார்க்கலாம், கடல் தாண்டி இலங்கையில் பார்க்கலாம். எங்கள் வரைபடத்தில் பெங்களூருக்குப் பக்கத்தில்கூட அதற்கு ஒரு புள்ளி கிடையாது. லிங்கராஜபுரம் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால்மணி நேரம். வீட்டுக்கு மேல் வீடு கட்டி, அதற்கு மேல் ஷீட் போட்டு ஒரு ரூம் கட்டியிருக்கும் சந்துகள். அங்கே எந்தக் குளத்தில் வந்து இது உட்கார்ந்தது?

வாசகத்தை ஒட்டினேன்.

மறுநாள் பதில் வந்தது. தான் எங்கேயும் போகவில்லை, தன் வீட்டு மாடியிலேதான் எடுத்தது என்று தமிழில் எழுதியிருந்தார் அந்த அம்மாள். ஆதாரம் இருந்தால் அனுப்பலாம் என்றேன். ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியும் அதில் இரண்டு தாமரை இலையும் தெரிகிற படம் வந்தது. தொட்டி எந்த ஹோம்ஸ்டேயிலும் இருக்கும் என்று எழுதினேன். எழுதும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது, அதை மறைப்பானேன். 'நான் பொய் லேபிள் எழுத மாட்டேன் சார்' என்று பதில் வந்தது. லேபிள் என்ற வார்த்தை என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, பதிவு என்றோ ரெக்கார்ட் என்றோதான் சொல்வோம். நான் அதைக் கவனிக்காமல் 'இடம் சந்தேகத்துக்குரியது' என்று சிவப்புக் குறி போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

ஒன்பது நாள் கழித்து அந்தப் பதிவில் இடம் மாறியிருந்தது. மடிக்கேரி. கீழே ஒரு குறிப்பு: 'மன்னிக்கவும் சார். நீங்கள் சொன்னது சரி. நானும் என் வீட்டுக்காரரும் மடிக்கேரி போயிருந்தோம். நல்ல மழை.'

நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று உச்சி குளிர்ந்தது. உடனே உறுதி செய்தேன். எங்கள் தளத்தில் உறுதி செய்த பதிவை ஏற்றியவரே நினைத்தாலும் மாற்ற முடியாது, பூட்டு விழுந்துவிடும். என்னைப் போன்றவர்கள்தான் திறக்க வேண்டும்.

அதன்பிறகு ஜானகி நிறைய ஊர்களுக்குப் போனார். ஜூலையில் குக்கே, ஆகும்பே. ஆகஸ்டில் ஜோக் அருவி, மறுபடியும் மடிக்கேரி. செப்டம்பரில் வயநாடு, சிருங்கேரி. நடுவே இன்னும் நாலு ஊர். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு தும்பி வரும், கூடவே இரண்டு வரி வரும். பிடதியில் தட்டே இட்லி சாப்பிட்டோம், ஹுணசூர் தாண்டியதும் பனி, ஆகும்பே வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினோம் என்று. எந்தத் தும்பி எங்கே இருக்குமோ அங்கேதான் இருந்தது, எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. முதல் மடிக்கேரியோடு சேர்த்துப் பதினொன்றையும் உறுதி செய்தேன். ஒருமுறை, என் முழங்காலுக்கு இந்த மாதிரி சுற்ற முடியவில்லை, உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றுகூட எழுதினேன். அதற்கு அவர் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

அக்டோபரில் எங்கள் குழு நீலச்சிறகுத் தும்பி இருக்கும் இடங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை அச்சிடத் தயாரானது. வரைபடமும் படங்களும் என் பொறுப்பு. ஜானகியின் இரண்டு படங்களைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று செப்டம்பர் ஒன்பது, வயநாடு. இன்னொன்று செப்டம்பர் பதினான்கு, சிருங்கேரி. இரண்டிலும் வலது பின்னிறக்கையில், நீலம் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கிழிசல். பல்லி கடித்த மாதிரி அரைவட்டமாக, அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கீறல். இரண்டும் ஒரே கிழிசல்.

மழைக்கு முன்னால் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பி கடலையே தாண்டும். இது அந்த ஜாதி இல்லை. தன் குளத்தை விட்டு அசையாதது ஐந்து நாளில் வயநாட்டிலிருந்து சிருங்கேரிக்குப் போகாது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முப்பத்தொரு வருடத்தில் என்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை. பதினொரு பொய்யில் என் கையெழுத்து. பழைய முதல் பதிவைத் திறந்து பார்த்தேன், போன் முதலில் தானாக எழுதிய இடம் திருத்தங்களின் பட்டியலில் அப்படியே இருந்தது. அன்று காலை பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரம் போனேன்.

மூன்று மாடி வீடு. கீழே வீட்டு ஓனர் நாராயணசாமி லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஜானகி என்றதும், மேலே போங்க, எப்பவும் இருப்பாங்க என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கடைசி மாடிக்கு இரும்புப் படி. முழங்கால் வலியோடு ஏறி மொட்டை மாடியில் கால் வைத்ததும் எனக்கு நேர் எதிரே, கோரை நுனியில், அது உட்கார்ந்திருந்தது. எழும்பி இரண்டு சுற்று அசைந்து பறந்தது. வெயிலில் நீலம் மின்னியது. திரும்ப அதே நுனிக்கு வந்தது.

மாடியில் ஏழு தொட்டிகள். நாராயணசாமியின் மகன் ராகேஷுக்குத் தாமரை வளர்க்கிற பைத்தியம் பிடித்து, கேரளத்திலிருந்து கூரியரில் செடிகளாக வரவழைத்திருக்கிறான். பிறகு கனடாவுக்குப் போய்விட்டான். நாராயணசாமி எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொன்னபோது ஜானகி கேட்டு வாங்கிக்கொண்டாராம். செடியின் வேரில் குஞ்சாக ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் இந்தத் தும்பி. வந்தபின் இங்கேயே பெருகியிருக்கிறது.

தொட்டிகளுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே ரூம். அங்கிருந்து மிக்சி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, நைட்டிக்கு மேல் துண்டு. நான் பெயரைச் சொன்னேன்.

"ரிவ்யூ பண்ற சாரா?" என்றார். "வருவீங்கன்னு தெரியும். ரெக்க கிழிஞ்சத நான் கவனிக்காம போட்டுட்டேன்."

பிளாஸ்டிக் நாற்காலியை ரூம் வாசலில் போட்டார். உள்ளே கட்டிலில் ஒருவர் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்திருந்தது. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. அவர்தான் முனிராஜ், ஜானகியின் கணவர். டூரிஸ்ட் வேன் டிரைவர். நாலு வருடம் முன்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தவர். பேச்சு போய்விட்டது, கைகால் போய்விட்டது, வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். தூக்கினால் ஆமாம், தூக்காவிட்டால் இல்லை. சளியைத் தானாக வெளியே தள்ள முடியாது. அரைமணிக்கு ஒருமுறை, முக்கால்மணிக்கு ஒருமுறை டியூபில் சளி கட்டும். உடனே மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும். அந்த மெஷினைப் பிடிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஜானகி ஒருவர்தான். பிள்ளைகள் கிடையாது. மாதம் ஒருமுறை டியூப் மாற்ற நர்ஸ் வரும் நாற்பது நிமிடத்தில் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிவிட்டு வருவாராம். மற்றபடி மளிகை, காய்கறி எல்லாம் கயிறு கட்டிய கூடையில் மேலே வருகின்றன. நாலு வருடமாக இப்படித்தான்.

ஜானகி பிறந்தது தொம்மலூரில், கோவிலுக்குப் பின்னால் உள்ள பழைய ஊரில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் அட்டெண்டராகச் சேர்ந்து பதினேழு வருடம் வேலை பார்த்திருக்கிறார். பூச்சிப் பெட்டிகளுக்கு நாப்தலீன் உருண்டை மாற்றுவது, பூஞ்சை துடைப்பது, லேபிள் எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று லேபிள் வேலை முழுக்க அவர் தலையில் விழுந்ததாம். எந்த ஊர், எந்த நாள், பிடித்தவர் யார். லேபிள் இல்லாத பூச்சி குப்பை, பொய் லேபிள் போட்ட பூச்சி அதைவிட மோசம் என்று அங்கே ஒரு பேராசிரியர் சொல்வாராம். லேபிள் சந்தேகமாக இருந்த ஒரு அழகான வண்டை அவர் குப்பைக் கூடையில் போட்டதை ஜானகி கண்ணால் பார்த்திருக்கிறார். பதினேழு வருடம் நாடு முழுக்க ஊர்ப் பெயர்களை எழுதியவர், பெங்களூரைத் தாண்டிப் போனது ஒரு கல்யாணத்துக்கு ஹோசூர், ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. அவ்வளவுதான்.

அலமாரியிலிருந்து ஒரு பழைய மிட்டாய் டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உள்ளே மாத்திரை பாட்டில்கள், பஞ்சு போட்டு. ஒவ்வொன்றிலும் தும்பிக் குஞ்சு தண்ணீரை விட்டு ஏறிவந்து உரித்துப் போட்ட கூடு. ஒரு தும்பி அந்த இடத்திலேயே பிறந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, ஏரிக்கரையில் நாங்கள் மணிக்கணக்காகத் தேடுவது அதைத்தான். ஒவ்வொரு பாட்டிலிலும் பென்சிலால் எழுதிய சின்னத் துண்டுத் தாள். 'மொட்டை மாடி, 4ஆம் தொட்டி, லிங்கராஜபுரம். ஜானகி மு.' தேதியும் நேரமும்கூட இருந்தன. பதினாறு பாட்டில். ஒன்றில்கூட மடிக்கேரி இல்லை.

இவ்வளவு சுத்தமாக லேபிள் எழுதுகிறவர் தளத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

ஜானகி கணவரைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"மொதல்ல எனக்கும் கோவம்தான் சார் வந்தது. இந்த மிஷின் பக்கத்துலயே நாலு வருஷமா நிக்கறேன். போய்ட்டு வந்த ஊர சொல்லுன்னு நீங்க கேக்கறீங்க. சும்னே அத அவருக்குப் படிச்சுக் காட்டினேன், பாருங்க இந்த சார் என்ன சொல்றாருன்னு. அவரு வெரலத் தூக்கிட்டாரு. எதுக்குத் தூக்கறாருன்னு எனக்குப் புரியல. போலாம்னு சொல்றீங்களான்னு கேட்டேன். மறுபடியும் தூக்கினாரு. எந்த ஊருன்னு அவரு ஓட்டின ரூட்டெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிட்டு வந்தேன். மடிக்கேரின்னப்போ தூக்கினாரு சார்."

முனிராஜ் இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் குடும்பத்தை அந்த ஊர்களுக்கெல்லாம் ஏற்றிப் போனவர். சீசன் முடியட்டும், வண்டி காலியாக இருக்கும்போது உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று ஜானகியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். வண்டி காலியாகவே இல்லை. விழுந்த பிறகு அவர் எதற்கும் விரலைத் தூக்குவது குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு போதுமா, வலிக்கிறதா, டிவி போடட்டுமா எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மடிக்கேரிக்கு மட்டும் உயிர் வந்தது. அன்றிலிருந்து இருவரும் பயணம் போக ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே டிபன், எந்தச் சாலை என்று ஜானகி சொல்லிக்கொண்டே போவார். தப்பாகச் சொன்னால் விரல் எழும்பாது. மடிக்கேரிக்கு ஹாசன் வழியாகப் போகலாமா என்று கேட்டதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு விட்டாராம், அவ்வளவு கோபம். ஹுணசூர் என்று திருத்தியபின்தான் திறந்தார். ஒரு ஊருக்குப் போய்ச்சேர மூன்று நாள் ஆகும், நடுநடுவே சளி எடுக்க வேண்டும் அல்லவா? போய்ச்சேர்ந்த அன்று மாடியில் எந்தத் தும்பி கிடைக்கிறதோ அதை எடுத்து, அந்த ஊர்ப் பெயரைப் போட்டு ஏற்றிவிடுவார். நான் உறுதி செய்ததும் போனைக் கணவரிடம் காட்டுவார்.

"நீங்க ஓகே பண்ணாத்தான் அவருக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்," என்றார்.

உண்மையைச் சொன்னபோது அடித்து விரட்டினேன், பொய்யை வரிசையாக வாங்கி முத்திரை குத்தினேன். இதில் பொறாமைப்படுவதாக வேறு எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். ஜானகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் முனிராஜின் நெஞ்சு கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது, ஓடிப்போய் மெஷினைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துடைத்துவிட்டு வந்து, சொல்லுங்க சார் என்றார்.

நான் வந்த வேலையைச் சொன்னேன். கட்டுரை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அந்தப் பதினொரு புள்ளிகளும் அதில் இருக்கக் கூடாது. நாளைக்கு யாராவது அதை நம்பி சிருங்கேரியில் போய் நாள்கணக்காகத் தேடுவார்கள். அவற்றை நீக்கிவிட்டு, முதல் பதிவை மட்டும் பழைய இடத்துக்கே மாற்றி உறுதி செய்கிறேன், கூடு இருக்கிறது, லேபிள் இருக்கிறது, இனி யாரும் மறுக்க முடியாது, பெங்களூரில் இந்தத் தும்பிக்கு முதல் புள்ளி உங்கள் பெயரில் விழும் என்றேன். செடியோடு வந்திருக்கலாம் என்று மட்டும் ஒரு குறிப்பு போட வேண்டும். சொல்லும்போது நான் ஏதோ பரிசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினார்.

"அவர ஒரு வார்த்த கேட்டுடுங்க சார். ரெண்டு பேரும்தானே போனோம்."

கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். டியூப் வைத்தவரிடம் எந்தக் குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். முனிராஜ், இந்தப் பதிவெல்லாம் தப்பாகப் போட்டது, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் போர்வைமேல் அப்படியே கிடந்தது. இன்னொருமுறை கேட்டேன். விரல் எழும்பவில்லை.

ஜானகி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுங்க சார். அவருக்கு லேபிள் சமாசாரம் தெரியாது. எனக்குத் தெரியும்."

நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். வீட்டுக்குப் போய் இதைச் செய்திருக்கலாம், அந்த இங்கிதம்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீக்குவதற்கு முன்னால் தளம் ஒவ்வொரு பதிவின் பெயரையும் காட்டி நிச்சயமா என்று கேட்கும். குக்கே. நிச்சயம். ஆகும்பே. நிச்சயம். ஆகும்பேயில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பஜ்ஜி சாப்பிட்டதை ஜானகி சொன்னார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. ஜோக். அங்கே தண்ணீர் குறைவாக இருந்தது, முனிராஜுக்கு ஏமாற்றம். வயநாட்டில் டயர் பஞ்சர். நடக்காத பயணத்தில் பஞ்சர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பஞ்சர் ஆனால்தான் அங்கே இன்னும் ஒரு நாள் இருக்க முடியும் என்று அவரே சொன்னார். எனக்குக் கண் கலங்கி எழுத்து மங்கியது. ஆனாலும் விரல் வேலையை நிறுத்தவில்லை. இன்று யோசித்தால் அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சிருங்கேரி. நிச்சயம்.

நடுவில் எழுந்து, நான் வாரத்தில் ஒருநாள் வந்து உட்காருகிறேன், மெஷினை எனக்குக் கற்றுக்கொடுங்கள், நீங்கள் ஏரி வரைக்குமாவது போய் வாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். நர்ஸம்மாவுக்கே கை நடுங்கும் சார், பர்வாயில்ல விடுங்க என்றார். நான் விட்டுவிட்டேன். இதை எழுதுகிற இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை.

பத்தும் போயிற்று. மிச்சம் இருந்தது முதல் பதிவு. பூட்டைத் திறந்து, மடிக்கேரியை அழித்து, லிங்கராஜபுரம் என்று மாற்றி, கூடுகளின் படத்தைச் சேர்த்து, உறுதி என்பதை அழுத்தினேன். வரைபடத்தைத் திறந்தேன். மேற்கே மலையோரமாகப் புள்ளிகள் வரிசையாக இறங்கிக் கடல்வரை போயின. அவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, கிழக்கே, தனியாக ஒரு புள்ளி. பெரிதாக்கினேன். தெரு வந்தது, சந்து வந்தது, இந்த வீட்டின் கூரையே வந்தது. புள்ளி கூரைமேல் நின்றது.

ஜானகி போனைக் கையில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் புள்ளியைத் தொட்டு நகர்த்திப் பார்த்தார். படம் நகர்ந்தது, புள்ளி கூரையை விட்டு நகரவில்லை.

"இனிமே இத நான் மாத்த முடியாதா சார்?"

"முடியாதும்மா. கன்ஃபர்ம் ஆயிடுச்சு."

சரி என்று தலையாட்டினார். கட்டிலுக்குப் போய், கணவரின் தலையணையைச் சற்று உயர்த்தி, அவர் கண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்தார்.

"பாத்தீங்களா, நாம இங்கதான் இருக்கோமாம். சார் கன்ஃபர்ம் பண்ணிட்டாரு."

முனிராஜ் புள்ளியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.